பெட்டி ஆறும் நேரம்

வேன்காரருக்கு அந்தப் பெட்டியின் மேல் இருந்த கோபம் நேற்று முளைத்ததல்ல. பல வருஷமாக வயிற்றில் வைத்து வளர்த்தது. வயிறு என்று சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. அந்தப் பெட்டி ஆற வேண்டும் என்பதற்காக அவருடைய சாப்பாடு ஆறிப்போன நாட்களுக்குக் கணக்கே கிடையாது.

பெட்டி என்பது கிதார்க்காரரின் ஆம்ப்ளிஃபையர். மற்றவர்கள் ஆம்ப் என்பார்கள். வேன்காரர் கடைசிவரை பெட்டி என்றுதான் சொன்னார். கறுப்பு ரெக்சின் ஒட்டிய மரப்பெட்டி, முன்னால் துணி வலை, மேலே ஒரு தோல் கைப்பிடி. முதுகுப்பக்கம் திறந்திருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரி கண்ணாடி வால்வுகள் வரிசையாக நிற்கும். தூக்கிப் பார்த்தால் கேஸ் சிலிண்டர் தேவலை என்றிருக்கும். சிலிண்டரையாவது உருட்டிக்கொண்டு போகலாம்.

தூக்குவதுகூடப் பரவாயில்லை. பாட்டுக் குழுவுக்கு வேன் ஓட்டுகிறவன் சாமான் தூக்கத்தான் வேண்டும். ஆனால் டிரம்ஸ் இருக்கிறது, வாசித்து முடித்தால் கழற்றி உறையில் போட்டு ஏற்றிவிடலாம், ஒரு பேச்சு கிடையாது. இந்தப் பெட்டிக்கு மட்டும் மாப்பிள்ளை மரியாதை. வாசிப்பதற்கு முன்னால் சூடேற வேண்டும். முடிந்த பிறகு ஆற வேண்டும். வால்வு சூடாக இருக்கும்போது பெட்டி குலுங்கினால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி விட்டுப்போகுமாம். ஆகவே ஹோட்டலில் மதிய விருந்துக்கு வாசித்து முடித்து, மற்ற எல்லாரும் பின்பக்கம் சமையலறைக்குச் சாப்பிடப் போன பிறகு, வேன்காரரும் கிதார்க்காரரும் மட்டும் காலி மேடையில் பெட்டிக்குக் காவல் இருப்பார்கள். மேஜைகளைத் துடைப்பவர்கள் இவர்களையும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் போகாத குறைதான்.

கிதார்க்காரர் நடுநடுவே எழுந்துபோய், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று பார்க்கிற மாதிரி பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைப்பார்.

"இன்னும் சூடு இருக்கு தம்பி. அஞ்சு நிமிஷம்."

அவருடைய அஞ்சு நிமிஷம் எந்தக் கடிகாரத்திலும் அடங்காது. முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்து அந்தப் பெட்டி ஒருநாளும் ஆறியதில்லை. குழுவில் அவருக்குப் பெயரே அஞ்சுநிமிஷம் என்றாகிவிட்டது.

"அஞ்சுநிமிஷம் வந்தாச்சா?" என்று கேட்பார் பாட்டுக்காரம்மா.

"வந்தாச்சு. நம்ம நேரம்தான் இனிமே போகும்" என்பார் டிரம்ஸ்காரர்.

கிதார்க்காரரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அந்த மனுஷருக்குக் கோபப்படத் தெரியாது. வேன்காரருக்கு அதுவே ஒரு எரிச்சல். சண்டைக்கு வராத ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

அதனால் வேன்காரர் கண்டுபிடித்த வழி, தூங்குகிற மாதிரி இருப்பது. ஸ்பீக்கர் பெட்டிமேல் சாய்ந்து, துண்டை முகத்தில் போட்டுக்கொள்வார். கிதார்க்காரர் அதைச் சட்டை செய்யமாட்டார். துண்டோடு பேசிக்கொண்டிருப்பார். கேட்காத மாதிரி கேட்டுக் கேட்டே அந்த ஆளின் முழுக்கதையும் வேன்காரருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அப்பாவுக்குக் கடிகாரம் பழுது பார்க்கிற தொழில். வீட்டில் சத்தம் போட்டுப் பேசக்கூடாது, அப்பாவின் கை நடுங்கிவிடும். அப்படி வாயைப் பொத்தி வளர்ந்த பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக ஒரு கிதார் கேட்டிருக்கிறது. யார் வாசித்தது என்று கடைசிவரை தெரியாது. அவர்கள் வீடு மாறிப்போன அன்றைக்குத்தான் சுவர் எவ்வளவு பெரியது என்று தெரிந்ததாம். அதன் பிறகு இவரே ஒன்றை வாங்கிக்கொண்டார். துணிபோட்டு மூடிக்கொண்டு, தனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு வாசித்துப் பழகினார்.

பெட்டி வந்தது ஒரு கப்பலிலிருந்து. பயணிகள் கப்பலில் நடனத்துக்கு வாசித்துக்கொண்டிருந்த ஒருத்தர் கரையிலேயே தங்கிவிடுவது என்று முடிவெடுத்தபோது இவருக்குத் தள்ளிவிட்டார். "உலகத்தையே சுத்தி வந்த பெட்டி தம்பி. நான்தான் இதுக்கு இந்த ஊரைத் தவிர எதையும் காட்டல" என்பார்.

கல்யாணம் நடந்தது. ஒரு பெண் பிறந்தது. மனைவிக்கு வெளிநாட்டில் நர்ஸ் வேலை கிடைத்தது. 'முதல்ல நாங்க போறோம், அப்புறம் நீங்க வாங்க' என்றுதான் ஏற்பாடு. அந்த அப்புறம் வரவே இல்லை. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. கடிதம் போனாக மாறியது, போன் பிறந்தநாளுக்கு மட்டும் என்றானது. மகள் கூப்பிட்டு 'சாப்பிட்டீங்களாப்பா' என்று கேட்பாள். 'சாப்பிட்டேன்மா' என்பார். அதற்குமேல் இரண்டு பக்கமும் சரக்கு இருக்காது.

இதையெல்லாம் அவர் புலம்பலாகச் சொன்னதில்லை. பஸ் எந்த வழியாகப் போகும் என்று சொல்கிற மாதிரி சொல்வார். கதை சொல்லாத நேரத்தில் வேன்காரர் வீட்டு விசாரணை நடக்கும். "பாப்பாவுக்குக் கண்ணாடி மாத்தணும்னியே, மாத்தியாச்சா?" "மாடியில ஒழுகுதுன்னியே, அடைச்சுட்டியா?" "முதுகுவலி இப்ப எப்படி?" துண்டுக்கு அடியிலிருந்து 'ம்' என்று ஒரு சத்தம் வரும். அது ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று கிதார்க்காரரே முடிவு செய்துகொள்வார்.

நகைச்சுவையும் உண்டு. வாரத்தில் வேலையில்லாத நாட்களில் அவர் வாத்தியக் கடைத்தெருவுக்குப் போவார். வாங்க அல்ல, சும்மா. இளவட்டங்கள் வந்து, இருக்கிற ஆம்பிலேயே பெரியதைக் காட்டச் சொல்லி, எல்லாத் திருகையும் கடைசிவரை திருகி வாசித்துப் பார்ப்பார்களாம். கடைக்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டே வியாபாரம் பார்ப்பாராம்.

"எல்லாரும் ஒரே பாட்டைத்தான் வாசிப்பாங்க தம்பி. தப்பும் ஒரே இடத்துலதான் விடுவாங்க. அந்த இடம் வந்தா கடைக்காரர் கண்ணை மூடிப்பார்."

துண்டு லேசாக ஆடியது. சிரிப்பா, காற்றா என்று வேன்காரர் சொல்லமாட்டார்.

ஒரு கம்பெனி விழாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. அந்தப் பெட்டிக்குள் எதிரொலி வருவதற்காக ஒரு தகர டப்பாவில் ஸ்பிரிங் கட்டி வைத்திருப்பார்கள். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது இடித்துவிட்டால் ஸ்பிரிங் அதிர்ந்து, தகரக் கூரைமேல் பாறாங்கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம் வரும். பாடிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் ஓய்வெடுக்க, கம்பெனி முதலாளி மைக்கைப் பிடித்தார். பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். மேடை ஓரத்தில் நின்று கால் கடுத்துப்போன வேன்காரர் பின்பக்கமாகப் பெட்டிமேல் சாய்ந்தார். 'தடால்' என்று ஒரு இடி. முதலாளி மைக்கை விட்டுவிட்டுப் பூந்தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

"யாருய்யா அது?" என்று பல்லைக் கடித்தார் கீபோர்டுக்காரர். குழு அவருடையது, வேனும் அவருடையது, பயமும் அவருடையதுதான்.

வேன்காரர் வாயைத் திறப்பதற்குள் கிதார்க்காரர் கையைத் தூக்கிவிட்டார். "நான்தான். கால் பட்டுடுச்சு. மன்னிச்சுக்குங்க."

எல்லாரும் போன பிறகு, பெட்டி ஆறிக்கொண்டிருந்தபோது, அவர் துண்டைப் பார்த்துச் சொன்னார்:

"அந்தப் பேச்சுலயே உருப்படியான இடம் அது ஒண்ணுதான் தம்பி."

வேன்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரித்துவிட்டால் இத்தனை வருஷக் கோபம் வீணாகிவிடும் அல்லவா?

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் கீபோர்டுக்காரர் ஒருநாள் டிபன் டப்பா அளவுக்கு ஒரு சாமானைக் கொண்டுவந்து மேடைமேல் வைத்தார். கிதார் வயரை இதில் சொருகினால் போதும், நேராக ஒலிபெருக்கி மிக்சருக்குப் போய்விடும். எந்தப் பெரிய ஆம்பின் சத்தம் வேண்டுமானாலும் இதிலேயே வரும். "இனிமே அந்த இரும்புப் பெட்டகம் வேணாம்ணே. சாமான் போட்டு வைக்கிற என் ஷெட்டையும் காலி பண்ணணும், கார் வாங்கப் போறேன்" என்றார்.

வேன்காரருக்கு அந்த டப்பாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

கிதார்க்காரர் முகம்தான் செத்துப்போய்விட்டது. "வேணாம் தம்பி, பழைய மாதிரியே இருக்கட்டும்" என்றார். அந்த ஆள் எதையும் வேண்டாம் என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

"ஏன்ணே? டோன் மாறிடும்ங்கிறீங்களா? சாப்பிட வந்தவன் தட்டைப் பார்ப்பானா, உங்க டோனைப் பார்ப்பானா? சரி, சோதிச்சே பார்த்துடலாம்."

சோதனை நடந்தது. பாட்டுக்காரம்மாவும் டிரம்ஸ்காரரும் திரும்பி நின்றுகொண்டார்கள். அதே நாலு வரியை ஒருமுறை பெட்டியிலும் ஒருமுறை டப்பாவிலும் கிதார்க்காரர் வாசித்தார். எது எது என்று இரண்டு பேரும் சொன்னார்கள். இரண்டு பேரும் தப்பாகச் சொன்னார்கள்.

"இப்ப நீங்களே சொல்லுங்கண்ணே" என்றார் கீபோர்டுக்காரர்.

அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கிதார் வாசிப்பவர்கள் இந்த விஷயத்தில் மணிக்கணக்காகப் பேசுவார்கள், சூடு என்பார்கள், உயிர் என்பார்கள், யார் மறுக்க முடியும்? அவர் கிதாரைப் பார்த்துக்கொண்டே, "வித்தியாசம் ஒண்ணும் இல்ல. நாம வாசிக்கிற சத்தத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

"அப்புறம் என்னண்ணே பிடிவாதம்?"

"அது கூட இருந்தா நல்லாயிருக்கும். அவ்வளவுதான்."

அந்தப் பதில் யாருக்கும் விளங்கவில்லை. வயசாகிவிட்டது என்று பாட்டுக்காரம்மா கண்ணால் சொன்னார். டயர் கடையிலிருந்து இரண்டு பேர் வந்து பெட்டியை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி கிதார்க்காரரின் அறைக்குக் கொண்டுபோனார்கள். அவர் குடியிருந்தது அந்தக் கடையின் மேல்மாடியில்தான்.

அதற்கடுத்த நிகழ்ச்சியில், முடிந்த கையோடு வேன்காரர் சாமானை ஏற்றிக் கொண்டுபோய் இறக்கி, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் போய் நின்றார். மனைவி கதவைத் திறந்து, அவரையும் அவருக்குப் பின்னால் தெருவையும் பார்த்தார்.

"என்ன, வேலை போயிடுச்சா?"

"ஏன், மனுஷன் நேரத்துக்கு வீட்டுக்கு வரக்கூடாதா?"

"வரலாம். சொல்லிட்டு வரணும். ஒரு ஆளுக்குத்தான் ஆக்கியிருக்கேன்."

இருந்தாலும் சூடாகத்தான் சாப்பிட்டார். நாக்கு சுட்டது. சுடுகிற சாப்பாடு எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

மேடையில் மட்டும் ஒரு சின்ன மாற்றம். டப்பாவுக்கு ஆறுகிற வேலை கிடையாது. சுவிட்சைத் தட்டினால் முடிந்தது. கிதார்க்காரர் வயரை மெதுவாகச் சுற்றுவார். சுற்றியதைப் பிரித்து மறுபடியும் சுற்றுவார். கிதார் கம்பியைத் துடைப்பார். பிறகு கம்பி மீட்டுகிற பிளாஸ்டிக் வில்லை தொலைந்துவிட்டது என்று மேடைக்கு அடியில் தேடுவார். கிடைத்த பிறகும் தேடுவார். வேன்காரர் வெளியே நின்று ஹாரன் அடிப்பார். போகிற வழியில் அவர் தெருமுனையில் இறக்கிவிட வேண்டும். இறங்கியதும் அவர் குனிந்து ஜன்னல் வழியாக, "பாப்பா பரீட்சை…" என்று ஆரம்பிப்பார். பின்னால் ஒரு பஸ் கத்தும். வேன் நகர்ந்துவிடும்.

கொஞ்ச நாளில் அவர் வருவது நின்றுபோனது. உடம்பு சரியில்லை என்று ஒருமுறை சொல்லி அனுப்பினார். மறுமுறை அதையும் சொல்லவில்லை. கீபோர்டுக்காரர் வேறு ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டார். புது ஆள் காதில் கடுக்கன் போட்டிருந்தான், நன்றாகவே வாசித்தான்.

"அந்த டப்பா அவர்கிட்டதான் இருக்கு. போய் வாங்கிட்டு வாங்க" என்று கீபோர்டுக்காரர் வேன்காரரிடம் சொன்னார்.

இத்தனை வருஷத்தில் வேன்காரர் அந்த அறைக்குள் போனதில்லை. டயர் கடைக்குப் பக்கவாட்டில் இரும்புப் படி. கீழே காற்றடிக்கிற இயந்திரம் ஓடும்போதெல்லாம் படியும் சேர்ந்து நடுங்கியது. கதவு திறந்தே இருந்தது. கட்டில், ஸ்டவ், கொடியில் இரண்டு சட்டை, ஜன்னல் ஓரத்தில் பெட்டி. அதன் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிதார் கட்டிலுக்கு அடியில் உறைக்குள் கிடந்தது.

பெட்டிக்கு எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் கிதார்க்காரர், காலைத் தூக்கி ஒரு முக்காலியில் வைத்திருந்தார். பாதம் வீங்கியிருந்தது. இன்னொரு நாற்காலி புதியது. கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை இன்னும் கிழியாமல் இருந்தது. யாரும் உட்கார்ந்ததில்லை.

"வா தம்பி, வா வா. உக்காரு. பாப்பா பரீட்சை எப்படி எழுதினா?"

வேன்காரர் நின்றுகொண்டே, "பரவாயில்ல. டப்பாவைக் கேட்டாங்கண்ணே" என்றார்.

"எடுத்துக்க. அந்த அலமாரியிலதான் இருக்கு. படி ஏறினா மூச்சு வாங்குது, அதான் வரல." பிறகு தயங்கினார். "ஒரு உதவி செய்வியா? பெட்டியில சத்தம் நின்னுபோச்சு. விளக்கு எரியுது, உள்ள ஒரு முணுமுணுப்பு இருக்கும் பாரு, அது வரல. அது இல்லாம இந்த ரூம்ல இருக்கிறது… ரிப்பேர் கடையில காட்டணும். உன்னைத் தவிர யாரும் இதைச் சரியாத் தூக்கமாட்டாங்க."

வேன்காரர் உள்ளுக்குள் திட்டினார். வாய் விட்டும் கொஞ்சம் திட்டினார். சுவிட்சை அணைத்து, பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, பழக்கதோஷம் என்று தன்னையே நொந்துகொண்டு, அது ஆறுகிறவரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பிறகு தூக்கிக்கொண்டு இறங்கினார்.

ரிப்பேர்க்காரர் மிக்சிகளுக்கும் மின்விசிறிகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். பெட்டியைப் பார்த்ததும் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி சிரித்தார். ஒரு வால்வு போய்விட்டிருந்தது. பழைய அட்டைப்பெட்டிகளைத் துழாவி ஒன்றை எடுத்து மாட்டினார். சுவிட்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் பெட்டி முணுமுணுக்க ஆரம்பித்தது. தூரத்தில் யாரோ வாயை மூடிக்கொண்டு பாடுகிற மாதிரி ஒரு ரீங்காரம். நல்லபடியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அணைத்தார். எதிர்க்கடை டீ வந்தது, குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பெட்டியின் கைப்பிடியில் கையை வைத்தார்.

"ஏய் ஏய், விடுங்க! இன்னும் ஆறல!" என்று கத்தினார் வேன்காரர்.

"என்ன ஆறல?"

"வால்வுண்ணே! முக்கால் மணி நேரமாவது ஆகாம தொடக்கூடாது. கம்பி அறுந்துடும்."

ரிப்பேர்க்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "யாருய்யா சொன்னது உனக்கு? ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். அதான் குடிச்சிட்டேனே."

"கிதார்க்காரருக்கு அது தெரியாதா?"

"தெரியாம என்ன? நான்தானே சொன்னேன். பெட்டி வாங்கின புதுசுல இங்கதான் கொண்டுவந்தார். இதே கேள்விதான் கேட்டார். டீ வாங்கிக் குடுத்தார், ரெண்டு பேரும் குடிச்சோம், தூக்கிட்டுப் போயிட்டார்."

வேன்காரர் பெட்டியை வேனில் ஏற்றினார். கதவை அறைந்து சாத்தினார்.

போகிற வழியெல்லாம் சண்டையை ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினார். 'ஏன்ணே, நான் என்ன உங்க வீட்டு வேலைக்காரனா? என் வயித்துல அடிச்சீங்களே! என் பொண்டாட்டி வாயில எத்தனை நாள் விழுந்திருப்பேன் தெரியுமா? ஒரு டீ குடிக்கிற நேரத்தை முக்கால் மணி நேரம் ஆக்கின ஆளு நீங்க ஒருத்தர்தான்.' நல்ல கேள்விகள். ஒன்றுக்கும் பதில் இருக்காது. சிக்னலில் நின்றபோது அந்தக் கேள்விகளுக்கு நடுவில் வேறொன்று வந்து மாட்டிக்கொண்டது. அவருடைய மகள் கண்ணாடி மாற்றியது, மாடி ஒழுகியது, முதுகு வலித்தது, இதையெல்லாம் மனைவியைத் தவிர ஞாபகம் வைத்துக் கேட்ட ஆள் உலகத்திலேயே ஒருத்தர்தான். அந்த ஆளிடம் இவர் ஒருநாளாவது, 'நீங்க எப்படி இருக்கீங்க' என்று திருப்பிக் கேட்டதுண்டா? துண்டு கேட்குமா என்ன?

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். வேன்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். கோபத்தை ஹாரன் அடித்த ஆளிடமே கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

மேலே ஏறிப் பெட்டியைப் பழைய இடத்தில் வைத்தார். கிதார்க்காரர் சுவிட்சைப் போடச் சொன்னார். ரீங்காரம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். கிதாரை எடுத்துத் தரட்டுமா என்று வேன்காரர் கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "போதும், அணைச்சிடு. உனக்கும் நேரமாச்சு" என்றார்.

அணைத்தார். ரீங்காரம் கரைந்து போனது. கீழே காற்று இயந்திரமும் நின்றிருந்தது. இனிமேல் பெட்டியை எங்கேயும் தூக்கப்போவதில்லை. அது ஆறினால் என்ன, ஆறாவிட்டால் என்ன? இருக்கச் சொல்லக் கிதார்க்காரரிடம் ஒரு காரணமும் மிச்சமில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

"ரிப்பேர்க்காரர் என்ன சொன்னார்?" என்றார்.

வேன்காரர் தொண்டையைச் செருமினார்.

"புது வால்வாம். நல்லா ஆறணுமாம். அவசரப்பட்டு விட்டுட்டுப் போயிடக்கூடாதாம். கூட ஒரு ஆள் இருந்து பார்த்துக்கணுமாம்."

கிதார்க்காரர் அவரையே பார்த்தார். ரிப்பேர்க்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்குத் தெரியாதா?

"அப்படியா சொன்னான்?"

"அப்படித்தான் சொன்னான். ஏன், நான் பொய் சொல்வேனா?"

வேன்காரர் அந்தப் புது நாற்காலியின் பிளாஸ்டிக் உறையை இரண்டு கையாலும் கிழித்தார். முரட்டுத்தனமாகத்தான் கிழித்தார். உட்கார்ந்தார். துண்டை முகத்தில் போடவில்லை, தோளில் போட்டுக்கொண்டார்.

"பாப்பா கணக்குலதான் கோட்டை விட்டுட்டா" என்றார். "அவங்க அம்மா மாதிரி. என் மாதிரின்னு அவ சொல்றா."

அன்றிலிருந்து வாரத்தில் ஒருநாள் வேன் டயர் கடை வாசலில் நின்றது. போனதும் பெட்டியைப் போடுவார்கள். கொஞ்சம் ரீங்காரம். அப்புறம் அணைத்துவிட்டு ஆறுகிறவரை பேச்சு. சிலநாள் கிதார்க்காரர் கிதாரை மடியில் வைத்து வயரில்லாமலே இரண்டு கம்பியை மீட்டுவார். வேன்காரரின் மனைவி தூக்குச்சட்டியில் சாப்பாடு கட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். "ரெண்டு பேருக்கு வெச்சிருக்கேன். ஆறிப்போகாம சாப்பிடுங்க" என்பார். அது மட்டும் நடக்கவில்லை.

பிறகு ஒருநாள் டயர் கடையிலிருந்து போன் வந்தது. வேன்காரரும் கடை ஆட்களும் கிதார்க்காரரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பெட்டியைவிட அவர் லேசாக இருந்தார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கேட்டார்: "நீங்க யாரு, சொந்தமா?"

"வேன் ஓட்டுறேன்."

"ஆம்புலன்ஸ் வேனா?"

"இல்லம்மா. பாட்டு வேன்."

நர்ஸம்மா எதையோ எழுதிக்கொண்டார். கிதார்க்காரரின் மகளுக்குத் தகவல் போயிருந்தது, விமானம் கிடைக்க வேண்டும், அவள் கிளம்பி வர வேண்டும். வேன்காரர் தினமும் பார்வையாளர் நேரத்துக்குப் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். கிதார்க்காரருக்குப் பேச்சு குறைந்துவிட்டது. அதனால் இவர் பேசினார். பெட்டியைத் துடைத்து, துணி போட்டு மூடி வைத்திருப்பதைச் சொன்னார். புது கிதார்க்காரன் பெரிய ஆம்ப் வேண்டும் என்று கீபோர்டுக்காரரிடம் சண்டை போடுவதைச் சொன்னார். கிதார்க்காரரின் வயிறு லேசாகக் குலுங்கியது.

அன்றைக்கும் மணி அடித்தது. காவலாளி ஒவ்வொரு கட்டிலாக வந்து, "கிளம்புங்க, கிளம்புங்க" என்றார். வேன்காரர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பெட்டியைப் பத்திக் கவலைப்படாதீங்கண்ணே. நேத்தே போட்டுப் பார்த்துட்டேன். நல்லா ஆறின பிறகுதான் வந்தேன்."

கிதார்க்காரரின் கை போர்வைக்கு வெளியே வந்தது. விரல் நுனியெல்லாம் கம்பி அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன கை. ஸ்டூலின் மேல் அதை வைத்து, வேன்காரர் உட்கார்ந்திருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"பெட்டி கிடக்கட்டும்" என்றார். "நீ இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் இரு தம்பி."